குறிப்பேட்டில் எழுதாத பெயர்

சுபாஜினி டீச்சர் பொறுப்பாக இருக்கும் வாக்களிப்பு நிலையத்தில் யாரும் யாரையும் "நீ" என்று கூப்பிட முடியாது. பன்னிரண்டு வருடமாக அவள் வைத்த சட்டம் அது. ஒரு கட்சி முகவர் வயதான தொழிலாளியைப் பார்த்து "வா இங்க" என்றதற்கு, "வாங்க" என்று திருப்பிச் சொல்ல வைத்துத்தான் விட்டாள். பதுளையில் அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைக் கேட்காத ஆசிரியர் இல்லை.

காரணம் இருந்தது. அவள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம் ஒருத்தி "தோட்டக்காடு" என்று கூப்பிட, வகுப்பே சிரித்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன உள்ளூராட்சித் தேர்தலில் அவளை ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். முன்பெல்லாம் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார்கள். இப்போது வாயைத் திறந்தால் தாயைத்தான் இழுக்கிறார்கள். டவுனிலிருந்து வந்த இரண்டு முகவர்கள் காலையிலிருந்தே எலியும் பூனையுமாக இருந்தார்கள். இன்னொருவன் வாசலில் நின்று போனில் படம் பிடித்தான். விலக்கி விலக்கியே சுபாஜினிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்று மணிக்குக் கொழுந்து பறிக்கும் பெரியாயி அடையாள அட்டை இல்லாமல் வந்தாள். அட்டை இல்லாமல் முடியாது என்றதும் மழையில் மேல் லயத்துக்கு ஓடினாள். நாலு மணிக்கு வாக்களிப்பு முடிகிறது. ஐந்து நிமிடம் இருக்கும்போது தொப்பலாக வந்து சேர்ந்தாள். அட்டை பொலித்தீன் பைக்குள். பைக்கு மூன்று முடிச்சு. விறைத்த விரலுக்கு ஒன்றும் அவிழவில்லை. பின்னால் நின்றவர்கள் கத்தத் தொடங்கினார்கள்.

"தோட்டக்காட்டுச் சனத்துக்கு எத்தன தரம் சொன்னாலும் மண்டையில ஏறாது," என்றாள் சுபாஜினி.

காலையிலிருந்து கடித்துக் குதறிக்கொண்டிருந்த இரண்டு முகவர்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பெரியாயி முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர், கை வெறச்சுப் போச்சு."

மை பூசும் வேலையிலிருந்த ரமேஸ் அவள் விரலைத் துடைத்துப் பூசினான். அவனும் லயத்துப் பிள்ளை. மூன்று தேர்தலாக சுபாஜினியோடு வேலை செய்கிறவன். அவன் தலை நிமிரவில்லை. பெரியாயி வாக்கைப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

சுபாஜினிக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு எட்டு வைத்திருந்தால் வாசலிலேயே பிடித்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் எப்படி என்று வெட்கம் தடுத்தது. பாழாய்ப்போன வெட்கம், அந்த வார்த்தையைச் சொல்லும்போது எங்கே போயிருந்ததோ.

வேலை முடிந்ததும், நிலையத்தில் அன்று நடந்த குழப்பங்களைப் பதியும் குறிப்பேட்டை எடுத்தாள். முகவர்களின் சண்டையை எழுதினாள். போனில் படம் பிடித்தவனையும் எழுதினாள்.

"வேற ஏதாச்சும் எழுதணுமா மிஸ்?" என்று ரமேஸ் கேட்டான்.

அவள் எழுதியதை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள்.

"இல்ல ரமேஸ்."

கையெழுத்தைப் போட்டாள். அவன் உறையை ஒட்டினான். திரும்பும் வேனில் எப்போதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வருகிறவன், அன்று முன்னால் போய் டிரைவரோடு ஏறிக்கொண்டான்.