அக்கா போட்ட தாளம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், தொலைவு பாராமல் பருத்திப்பட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவர்கள், கோபமில்லாமல் எழுது என்றும் சொல்லி அனுப்பினார்கள். முயன்று பார்க்கிறேன். முழுக்க முடியும் என்று தோன்றவில்லை.

அக்கா பிறந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது ஆவடியில். அப்பாவுக்கு இங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் சுவர்கள் பெயருக்குத்தான் சுவர்கள். இடது பக்க வீட்டில் நாகர்கோவில் குடும்பம் சாயங்காலமானால் ஜெபப் பாட்டுப் பாடும். வலது பக்கத்து மதுரைக்காரர் வீட்டில் சினிமாப் பாட்டு அலறும். மாடி வீட்டு அம்மையார் மகளுக்கு வர்ணம் சொல்லிக் கொடுப்பார். யாராவது இறந்துவிட்டால் தெருமுனையில் பறையும் கானாவும் கேட்கும். நாங்கள் எல்லாவற்றையும் சத்தம் என்று நினைத்து வளர்ந்தோம். அக்கா மட்டும், இதில் எது முதலில் வந்தது, எது எதிலிருந்து பிறந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "போய்க் கணக்கைப் போடு" என்பார் அப்பா.

கணக்கு வரவில்லை. இசையில் முதுகலை முடித்து, பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இசை வரலாறு கற்பிக்கச் சேர்ந்தார். அக்கா மேடையேறிப் பாடுகிறவர் அல்லர். "எனக்குக் குரல் சுமார்தான். காதுதான் நல்லா இருக்கு" என்று தாமே சொல்வார். பண் பாடிய காலம், அரசவை, நாடகக் கொட்டகை, கிராமபோன் தட்டு, வானொலி, சினிமா, மெல்லிசைக் குழு, கானா என்று எல்லாமே ஒரே வரலாறு என்பதுதான் அவருடைய பாடம். கர்நாடக சங்கீதம் படிக்க வந்த பெண்ணைச் சாவுக் கானாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார். கானா பாடிக்கொண்டு வந்தவரைத் தேவாரத்தின் முன் உட்கார வைப்பார். "எந்தப் பாட்டும் சும்மா வரலை. யாருக்கோ என்னமோ தேவைப்பட்டுச்சு, வந்துச்சு. அந்தத் தேவை என்னன்னு கேளு" என்பார். கானா பற்றி எழுதச் சொன்னதற்காக ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார்கள். அக்கா அவர்களையும் உட்காரவைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டி அனுப்பினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு யாருக்கும் ஒத்துப்போகாது. பாட்டை ஓடவிட்டுப் பேசக்கூடாது. "கேக்கணும்னா வாயை மூடு. பேசணும்னா பாட்டை நிறுத்து." எங்கள் வீட்டில் பின்னணியில் பாட்டு என்ற ஒன்றே கிடையாது. கல்யாண வீடுகளில் நாதஸ்வரக்காரருக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவார். பந்தி தொடங்கிவிட்டது என்று கூப்பிட்டாலும், அவர்கள் வாசித்து முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். படித்த திமிர் என்று உங்களில் சிலர் பேசியது அவர் காதிலும் விழுந்தது. அடுத்த கல்யாணத்திலும் போய் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார்.

அப்பா போன பிறகு அம்மாவைத் தம்மோடு வைத்துக்கொண்டார். பார்த்த வரன்கள் தட்டிப்போயின. பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கல்லூரி அவருடைய இசை வரலாற்றுத் தாளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்தப் பாடவேளையில் ஒலிப்பதிவு மென்பொருள் கற்றுத்தரப் போவதாகச் சொன்னார்கள். அக்கா வீட்டோடு வந்து, அம்மாவோடு குடியிருந்த பருத்திப்பட்டு பிளாட்டின் கூடத்தைப் பெருக்கி, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினார். முதலில் கூடம் நிறைந்தது. போகப்போகக் காலியானது. வேலைக்கு உதவாத படிப்புக்கு ஞாயிற்றுக்கிழமையை யார் கொடுப்பார்கள்? கடைசிவரை விடாமல் வந்தவர் அம்பத்தூர் டேவிட். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், அக்காவின் கல்லூரி மாணவர்.

ஒரு காலையில் காபி டம்ளரை எடுக்கப் போன அக்காவின் வலது கை எழவில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் கோணியது, பேச்சு போனது. பக்கவாதம். மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடந்தார். இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்கள். மூக்கில் குழாய், முதுகில் படுக்கைப் புண், நெஞ்சில் சளி. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் குடியிருக்கும் வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, கட்டிலருகே நின்று, என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிப் போவேன்.

அப்போதுதான் பெரியம்மா ஊரிலிருந்து மந்திரப் பெட்டியோடு வந்தார். உங்கள் வீடுகளிலும் இருக்கும். கையடக்கமான பிளாஸ்டிக் பெட்டி. சுவரில் செருகிவிட்டால் ஒரே நாமத்தை ஒரே மெட்டில் நாளெல்லாம் பாடிக்கொண்டிருக்கும். படுத்துவிட்டவர் காதில் சாமி பெயர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அதை அக்காவின் தலைமாட்டில் மாட்டினார்கள். மாட்டிவிட்டு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதற்கு மேலே குரலை உயர்த்திப் பேசினார்கள். யார் மகனுக்கு எந்த ஐ.டி. கம்பெனி, யார் மகளுக்கு எங்கே வரன், சாம்பாருக்கு முருங்கைக்காய் போதுமா என்று பேச்சு ஓடியது. பெட்டியும் ஓடியது.

சில நாளில் அக்காவின் இடது கை அசைந்தது. உள்ளங்கை கட்டில் விளிம்பில் தட்டியது. ஓய்ந்தது. மறுபடி தட்டியது.

"ஐயோ, தாளம் போடுறா! இங்க வந்து பாருங்களேன், என் பொண்ணு தாளம் போடுறா! பொழைச்சுக்குவா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து பிளாட்காரர்கள் ஓடிவந்தார்கள். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி காதுல விழுந்துடுச்சுடி" என்று பெட்டியின் ஒலியைக் கூட்டி வைத்தார். யாரோ செல்போனில் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். பதிலுக்குக் கைகூப்பிய பொம்மைகளாக வந்து குவிந்தன. அன்று அம்மா பல நாளைக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டார். அந்த வாரம் முழுக்க அம்மா சிரித்த முகமாக இருந்தார். அக்கா தட்டத் தட்ட, அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்.

வீடியோவைக் கேள்விப்பட்டு டேவிட் வந்தார். கட்டிலருகே நின்று அக்காவின் கையைப் பார்த்தார். முகம் மாறியது. என் கையைப் பிடித்து வெளியே படிக்கட்டுக்கு இழுத்துப் போனார்.

"அண்ணாத்தே, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்கோ. மேடம் தாளம் போடல."

"என்னப்பா சொல்ற?"

"அந்தப் பாட்டுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமே இல்ல. எந்த அடியும் தாளத்துல ஒக்காரல. மேடத்துக்குத் தாளம் தப்புமா? கிளாஸ்ல பாட்டு போடுறது நான்தான். நிறுத்துன்னு சொல்லணும்னா இப்டித்தான் உள்ளங்கையால டேபிள்ல தட்டுவாங்கோ. நான் நிறுத்துற வரைக்கும் தட்டிகினே இருப்பாங்கோ." அவர் கதவு வழியே உள்ளே பார்த்தார். "நிறுத்தச் சொல்லிகினு கீறாங்கோண்ணா. இத்தினி நாளா."

உள்ளே அம்மா தொடையில் தட்டிக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது.

உள்ளே போய்ப் பெட்டியைப் பிடுங்கினேன். டாக்டர் சத்தமே கூடாது என்று சொல்லிவிட்டார் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டா. அதைக் கேட்டுத்தான்டா அவ கையை ஆட்டுறா. மாட்டுடா, மாட்டுடா." நான் மாட்டவில்லை. எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னேன், கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அக்காவின் கை இன்னும் ஓரிரு முறை தட்டியது. பிறகு விரல்கள் விரிந்து, கை அப்படியே ஓய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை நாளில் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. அம்மாவோ அந்தக் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டு, "நின்னு போச்சே, நின்னு போச்சே" என்று அழுதார்.

மறுநாள் பிற்பகல் அக்கா போய்விட்டார்.

நாமத்தை நிறுத்தினான், மூச்சும் நின்றுவிட்டது என்று பெரியம்மா சுடுகாட்டுக்குக் கிளம்பும்போதே சொன்னார். இந்த ஓராண்டில் அதையே எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். பெரியம்மா மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். வருத்தம் இருக்கிறது. ஆனால் அவர் அன்போடுதான் செய்தார் என்பதும் எனக்குத் தெரியும். உங்களில் பலரிடம் அந்த வீடியோ இன்னும் இருக்கும். ஒலியை முழுக்க அடைத்துவிட்டுப் பாருங்கள். கையை மட்டும் பாருங்கள். தாளம் போடுகிற கையா அது? வாழ்நாளெல்லாம் பிறருக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர், ஒரு வாரம் கெஞ்சியிருக்கிறார். நம்மில் ஒருவருக்கும் கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பணி செய்த டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீட்டில் வந்து தங்கி அக்காவைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்க வைத்த கிருஷ்ணவேணி அம்மாளுக்கும், லிப்ட் வேலை செய்யாத நாளில் அக்காவைத் தோளில் சுமந்து இறக்கிய பக்கத்து பிளாட் தம்பிகளுக்கும், வேலையை விட்டுவிட்டு இறுதிச் சடங்குக்கு வந்து நின்ற மாணவ மாணவியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. டேவிட்டுக்கு நான் தனியாகக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இனி ஒரு வேண்டுகோள். அம்மாவுக்குக் கண்ணில் புரை, எழுத்துத் தெரியாது. டேவிட் சொன்னதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அந்த ஒரு வாரச் சந்தோஷத்தைத் தவிர அவரிடம் வேறொன்றும் மிச்சமில்லை. அதையும் பிடுங்கிக்கொண்டு, உன் பெண் கெஞ்சினாள், நீ கூடச் சேர்ந்து தட்டினாய் என்று எந்த வாயால் சொல்வது? பெட்டியைப் பிடுங்கி அக்காவைக் கொன்றது இந்த மகன்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைத்துக்கொள்ளட்டும். இந்த மலர் கைக்கு வந்ததும் உங்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். குவார்ட்டர்ஸ் கதையைப் படியுங்கள், கல்லூரியைப் படியுங்கள், அக்கா தாளம் போட்டதுவரை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். அதற்குமேல் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டால், எல்லாருக்கும் நன்றி சொல்லியிருக்கிறான் என்று சொல்லி மூடிவிடுங்கள்.