நான் மாற்றிய திகதி

போன செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வழியில், டி-பான் சுரங்க ரயிலுக்காக நின்றுகொண்டிருந்த என்னை ஒரு வாசகர் பிடித்துக்கொண்டார். இந்தப் பத்தியை ஒரு கிழமையும் தவறவிடாதவராம். எனக்கு எப்போது எந்தப் பல் பிடுங்கினார்கள் என்பதுவரை ஞாபகம் வைத்திருக்கிறார்.

"அமெரிக்காவிலை ஏதோ பள்ளத்தாக்குக்குள்ளை நடக்கப் போறம், நடக்கப் போறம் எண்டு கோடை முழுக்க எழுதினீங்கள். போயிட்டும் வந்திட்டீங்களாம். பிறகு ஒரு வரியும் காணேல்லையே?"

நல்ல காலம், ரயில் வந்துவிட்டது. ஏறித் தப்பினேன்.

ஏன் எழுதவில்லை? எழுதினால் பரமைப் பற்றி எழுதவேண்டும். அதுதான் காரணம்.

பரம் என் நண்பன். ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான். நோர்வேக்கு வந்த புதிதில், வடக்கே ஓர் அகதி முகாமில் ஒரே அறையில் இருவரும் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தோம். இந்தப் பயணமே அவனுடைய ஆசைதான். டிப்போவில் சாரதிகள் கோப்பி குடிக்கும் அறையில் ஒரு கலண்டர். அதில் ஒரு மாதத்துக்கு கிராண்ட் கேன்யன் படம். மாதம் முடிந்ததும் தாளைக் கேட்டு வாங்கி, வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டான்.

"மச்சான், எத்தினை வருசத்துக்குப் பனியையே பாக்கிறது? சாகிறதுக்கிடையிலை இதை ஒருக்காப் போய்ப் பாக்கோணும்."

அவ்வளவுதான் அவன் சொன்னது. மிச்சம் எல்லாம் எங்கள் வேலை. திராமனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவா சேர்ந்தான். ஸ்தவாங்கரில் எண்ணெய் எஞ்சினியராக இருக்கும் முரளி சேர்ந்தார் — இவர் தமிழ்நாட்டுக்காரர். நான்கு பேர், நான்கு நாள், கூடாரத்தோடு கீழே ஆற்றுக்கு இறங்கி மறுபடி ஏறுவது என்று முடிவானது. தலைவர்? யாரும் கேட்கவில்லை, நானே ஆகிவிட்டேன்.

முரளி எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீட்டர் தண்ணீர். யார் முதுகில் கூடாரம், யார் முதுகில் அடுப்பு, எத்தனை கிலோ... சிவா எட்டிப் பார்த்துவிட்டு, "சம்பலுக்கு ஒரு கட்டம் இல்லையோ?" என்றான். முரளி சிரிக்காமல் ஒரு கட்டம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி. சொங்ஸ்வான் ஏரியில் தொடங்கிக் காட்டுக்குள் ஏறி, மேலே வாஃபல் விற்கும் வீடுவரை போய்த் திரும்புவது. பாரத்துக்கு என்ன செய்வது? சிவாவின் கடையிலிருந்து ஆளுக்குப் பத்துக் கிலோ பாஸ்மதி. ஒருநாள் வழியில் ஒரு நோர்வேஜியப் பெண்மணி என் முதுகைப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். அரிசி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேலே சாப்பாடு கிடைக்கும், உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார்.

சிரிப்பு இவ்வளவுதான். நாங்கள் வாஃபல் தின்று, இரண்டாவது கோப்பியும் குடித்து முடித்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் பரம் வந்து சேர்ந்தான். ஏற்றத்தையாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவான். இறக்கத்தில்தான் கரைச்சல். ஒரு பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து வைத்து இறங்கினான்.

"முழங்கால் நோகுதோ?"

"ஒண்டும் இல்லையடா. சப்பாத்து புதுசு."

மலை என்றால் ஏலாதவன் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கு அப்படி இல்லை. முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம், அதுவும் கொதிக்கும் வெயிலில். நால்வரில் யார் மெதுவோ அவன் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். எனக்குப் பயம் வந்தது. பரமுக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம் பாதி. அவனால் என் பயணம் கெட்டுவிடும் என்ற பயம் மீதி. இப்போதாவது உண்மையைச் சொல்கிறேன், மீதி கொஞ்சம் பெரிய மீதி.

பரம் இல்லாமல் மூவரும் தொலைபேசியில் கூடினோம்.

"நேரா சொல்லிடலாமே சார்? உங்க முட்டிக்கு இது ஒத்து வராதுன்னு. ஃப்ரெண்டுதானே, புரிஞ்சுக்குவாரு" என்றார் முரளி.

"சீச்சீ, அப்பிடி முகத்துக்கு நேரை சொல்லேலுமோ? மனம் நொந்து போவான்" என்றான் சிவா.

நானும் சிவா பக்கம். முரளிக்கு எங்கள் ஆட்களின் மனம் விளங்காது என்று தோன்றியது. "இதை என்னட்டை விடுங்கோ" என்றேன். விட்டார்கள்.

நான் செய்தது இதுதான். பள்ளத்தாக்குக்குள் கூடாரம் போட்டுத் தங்க அனுமதி வேண்டும், அது ஒக்டோபர் முதல் கிழமைக்குக் கிடைத்திருந்தது. நாங்களே கேட்டு வாங்கிய திகதி. ஏனென்றால் மூன்றாம் கிழமை சனிக்கிழமை பரமின் மகள் ஆரணிக்கு நடன அரங்கேற்றம், மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே பதிவு செய்தாகிவிட்டது. நான் வேலையிடத்திலிருந்து, அரிசோனாவில் அனுமதி தரும் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினேன். முதல் கிழமை வேண்டாம், மூன்றாம் கிழமை தாருங்கள். தந்துவிட்டார்கள்.

பிறகு பரமுக்கு எடுத்தேன். "முதல் கிழமை நிரம்பிட்டுதாம் மச்சான். மூண்டாம் கிழமைதான் கிடைச்சது."

அந்தப் பக்கம் கலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப பிள்ளையின்ர அரங்கேற்றம்?"

"அதுதான்... என்ன செய்யிறது?"

"பரவாயில்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ."

யாரையும் நோகடிக்காமல் காரியத்தை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அரங்கேற்றத்துக்கு நாங்களும் போகமுடியாது என்பது உறைத்ததே இரண்டு நாள் கழித்துத்தான். ஆரணி பிறந்த அன்று அவளைத் தகப்பனுக்கு அடுத்ததாகத் தூக்கியவன் நான்.

புறப்படுவதற்கு முதல்நாள் பரம் வீட்டுக்கு வந்து ஒரு வரைபடம் தந்தான். தண்ணீர் கிடைக்கும் இடம், நிழல் உள்ள இடம், பாதை வழுக்கும் இடம் எல்லாம் பென்சிலால் குறித்திருந்தான். எத்தனை நாள் உட்கார்ந்து செய்தானோ! இரண்டாம் நாள் எங்கள் போத்தல்கள் காய்ந்து, சிவா பேச்சை நிறுத்திவிட்ட நேரத்தில், அவன் வட்டம் போட்ட இடத்தில் பாறைக்கடியில் ஊற்று இருந்தது. மூவரும் குனிந்து குடித்தோம். முரளி மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு, "பரம் சாரைக் கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரையில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒஸ்லோவில் அப்போது மாலை ஐந்து. திரை விலகும் நேரம். எதிரே செம்பாறைகளில் வெயில் இறங்கிவந்தது. எவ்வளவு அழகு! எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பரில் படங்களை எடுத்துக்கொண்டு ஸ்டோவ்னரில் பரமின் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு படமாகக் கேள்வி கேட்டான். இந்த வளைவுக்கு அங்காலை ஒரு ஓடை வருமே, தண்ணி குளிரோ? எனக்குத் தெரியவில்லை. ஓடையைக் கவனிக்காமலே கடந்திருக்கிறேன்.

ஆரணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மாமா, உங்களுக்கு முதல் கிழமை தந்தவைதானே? ஏன் மாத்தினீங்கள்?"

கோபமே இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை, விளங்காததைக் கேட்டுவிடுகிறது.

"திகதியை மாத்தித் தரேலுமோ எண்டு அப்பா அரிசோனாவுக்கு எழுதினவர். நான்தான் இங்கிலீஷிலை எழுதிக் குடுத்தனான். முதல் கிழமைதான் தந்தது, உங்கடை ஆக்களே மாத்திக் கேட்டவை எண்டு பதில் வந்தது."

"விடு பிள்ளை. மாமா தேத்தண்ணி குடிக்கட்டும்" என்றான் பரம். அவள் உள்ளே போனாள்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ஓகஸ்டிலை."

"ஏன்டா என்னட்டைக் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? என்ர முழங்கால் எனக்குத் தெரியாதே? முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரியும், கீழை இறங்க ஏலாதெண்டு. சொல்ல வெக்கமாக் கிடந்தது. அங்கை வந்தாப் பிறகு, நீங்கள் இறங்குங்கோ, நான் மேலை நிண்டு பாக்கிறன் எண்டு சொல்லுவம் எண்டு இருந்தனான். எனக்குப் பாத்தாப் போதும் மச்சான்."

கொஞ்சம் சிரித்தான். பிறகு அடுத்த படத்தை எடுத்தான்.

ஆளின் மனம் நோகக்கூடாது, நோகக்கூடாது என்று நாங்கள் எத்தனை பொய் சொல்கிறோம்... யாருடைய மனம்? நேரே சொன்னால் அவன் முகம் வாடும், அதை நான் பார்க்கவேண்டி வரும். என் மனத்துக்கு நோகாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்காக ஒருவனுடைய ஆசையையும் கெடுத்து, அவன் மகளின் அரங்கேற்றத்தில் நாங்கள் இருக்கவேண்டிய இடத்தையும் வெறுமையாக்கினேன்.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். "பனி விழப்போகுது போல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு நாலைந்து தரம் கண்டோம். பனிக்காலத்து டயர் பற்றியெல்லாம் கதைத்தோம்.

பரம், நீ இந்தப் பத்தியைப் படிப்பாய் என்று தெரியும். நான் செய்தது பெரிய பிழை. மன்னித்துக்கொள்.

பாருங்கள்... இதைக்கூட அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.