கார்புரேட்டருக்கு ஒரு நைலான் மேஜோடு

மாடசாமியை நல்ல டாக்சி டிரைவர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கன்னிவாடியிலிருந்து லாரிக்குப் பேரிக்காய் மூட்டை ஏற்ற மலைக்கு வந்தவர், பார்த்துப் பார்த்தே வண்டி ஓட்டப் பழகினார். வளைவில் தவறாமல் ஹாரன் அடிப்பார். மற்றபடி பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தன் அம்பாசடர் மூச்சு விடுவதைப் பற்றி அவரளவுக்குக் கவலைப்பட்டவர் கொடைக்கானல் ஸ்டாண்டில் கிடையாது.

எழுபத்தெட்டாம் வருஷம், எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் வலை துருப்பிடித்து உதிர்ந்தது. புதியது மதுரையிலிருந்து வரவேண்டும். அதுவரை பாச்சலூர் மண்சாலைப் புழுதியை எஞ்சின் தின்னாமலிருக்க, கார்புரேட்டர் வாயில் துணி கட்டினார். துவைத்த துணி மூடுபனியில் காயவேயில்லை. கடைசியில் விடுதிச் சலவைக்காரரிடம், வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி கழித்துப்போட்ட நைலான் மேஜோட்டைக் கேட்டு வாங்கினார். தொடை வரை நீளம். பெட்ரோலில் அலசி உதறினால் காய்ந்துவிடும்.

அப்படி உதறிப் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டிருந்தபோதுதான் அவர் மனைவி சுப்பம்மா சோற்றுத் தூக்கோடு வந்தார்.

"இது யாரு காலுங்க?"

"காலு இல்ல, பில்டரு."

"எங்க வீட்டு ஆடுகூட நம்பாது. நான் இப்பவே ஆயக்குடிக்கு, எங்கண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறுறேன். இந்தச் சோத்த அந்தக் காலுக்கே ஊட்டுங்க."

ஸ்டாண்டே சிரித்தது. சுப்பம்மா சொன்னால் செய்பவர்.

"ஏ, நில்லு! இத மாட்டி ஒருக்கா, கழட்டி ஒருக்கா ஏத்தத்துல ஓட்டிக் காட்டுறேன். கழட்டுனா வண்டி இருமும் பாரு."

சுப்பம்மா முன் சீட்டில் ஏறினார். சாட்சிக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் கடை யாகூப் பின்னால் உட்கார்ந்தார். மேஜோட்டோடு அம்பாசடர் முக்கி முனகி ஏறியது. கழற்றியதும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகப் பாய்ந்தது.

யாகூப் தலையைச் சொறிந்தார். "ஏம்ப்பா, தூசி எஞ்சினத் தின்ன வருசக்கணக்காகும். ஒரு ஏத்தத்துலயா தெரியும்?"

"அத முன்னாடியே சொல்லக்கூடாதா பாய்!"

"நீ எங்க கேட்ட?"

தன் வாதத்துக்கு எதிராக இவ்வளவு தெளிவான சான்றைத் தேடிக் கொடுத்தவரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும், ஆயக்குடிப் பக்கம் போகும் பஸ் ஹாரன் அடித்தது. சுப்பம்மா அதைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். பிறகு சோற்றுத் தூக்கைப் பானெட் மேல் வைத்தார்.

"கள்ளத்தனம் பண்றவன் இப்படியா சாட்சிக்கு ஆள ஏத்திக்கிட்டுப் போயித் தோப்பான்? அதுக்கெல்லாம் மூள வேணும் பாய். இவுகளுக்கு அந்தச் சோலி ஆகாது."

மறுத்துப் பேச மாடசாமி வாயெடுத்தார். எதை மறுப்பது என்று யோசித்து, சோற்றுத் தூக்கைத் திறந்தார்.