ரோஜாப்பூ டின்னும் பச்சை விளக்கும்

அந்த டின்னின் மூடியில் இருந்த ரோஜாப்பூ பாதி உரிந்துவிட்டது. ஒரு பெருநாளைக்கு யாரோ கொண்டு வந்த பிஸ்கட் டின். பிஸ்கட் தீர்ந்ததும் எங்கள் வீடுகளில் இந்த மாதிரி டின்களுக்கு ஊசி நூலோடு மறுமணம் நடக்கும். என் டின் மட்டும் கொஞ்சக் காலம் ஒரு கம்பியூட்டரோடு குடித்தனம் நடத்தியது.

அதைக் கொண்டு வந்தவள் என் மருமகள். கம்பியூட்டர் படித்தவள். மகன் கல்யாணம் முடித்த கையோடு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட, விசா வரும் வரை வத்தேகமையில் எங்களோடு இருந்தாள். ஒரு நாள் கண்டிக்குப் போய் வந்து, கைப்பையிலிருந்து பச்சைத் தகடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

“எனத்த மகள் இது?”

“கம்பியூட்டர் மாமி.”

“மத்தப் பாதி பஸ்ஸில வருதா?”

மூச்சு வாங்கச் சிரித்தாள். அதை டீவியோடு இணைத்தால், மகன் அங்கிருந்து போனில் அனுப்பும் படங்கள் இங்கே பெரிதாக ஓடுமாம். அப்படியே ஓடின. சோறு சமைக்கத் தெரியாதவன் அரிசி கழுவும் படத்தை நான் டீவியில் பார்த்தேன்.

அந்தத் தகட்டில் இரண்டு சின்ன விளக்குகள். “செவப்பு எரிஞ்சா கரண்ட் வருது மாமி. பச்ச மினுங்கினாத்தான் அது யோசிக்கிது” என்று சொல்லித் தந்தாள். சாய்மனைக் கதிரையில் வாய் திறந்து உறங்கிக்கொண்டிருந்த இவரைக் காட்டி, “அப்ப உங்கட மாமாக்கு செவப்பு மட்டுந்தான்” என்றேன். அன்று முழுக்க அவரைக் காணும்போதெல்லாம் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். அவர் என்னவென்று கேட்டுக் கேட்டுக் களைத்துப் போனார்.

எங்கள் பக்கம் பின்னேரமானால் இடி முழங்கும். முதல் முழக்கத்துக்கே வீட்டில் உள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்குவது என் வழக்கம். அப்படித்தான் இதையும் பிடுங்குவேன். ஒரு நாள் மழை விட்டபின் பிளக்கைப் போட்டால், சிவப்பு எரிகிறது, பச்சை அசையவில்லை. மருமகள் அதன் வயிற்றிலிருந்து விரல்நகம் அளவு கார்ட் ஒன்றை உருவிப் பார்த்தாள். கம்பியூட்டர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கினால் அதிலுள்ளது குழம்பிவிடுமாம். ஒரு குட்டிப் பொத்தான் வைத்துத் தந்தாள். “இத அமத்திட்டு, பச்ச அடங்கின பொறகு புடுங்குங்க. ஒரு வார்த்த செல்லாமப் போனா யாருக்குந்தான் கோவம் வரும் மாமி.” அன்றிலிருந்து இடி முழங்கினால் முதலில் அதனிடம் சொல்லிக்கொள்வேன்.

பிறகுதான் டின் வந்தது. பல்லியும் ஈரமும் அண்டாமல் இருக்கட்டும் என்று, வயருக்கு ஓட்டை போட்டு, கம்பியூட்டரை ரோஜாப்பூ டின்னுக்குள் குடியேற்றினேன். அழகாக இருக்கிறது என்று அவளும் மெச்சினாள். அதோடு படம் வருவது நின்றது. பச்சை மினுங்குகிறது, வைபை மட்டும் பிடிக்கவில்லை. வெளியே எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தால் பிடிக்கிறது. டின்னுக்குள் வைத்து மூடினால் போய்விடுகிறது. பாஸ்வேர்டை மாற்றினாள், சார்ஜரை மாற்றினாள், ரவுட்டரை அலுமாரிக்கு மேலே ஏற்றினாள். பகல் சாப்பாடு ஆறிப்போனது. திடீரென்று மூடியைக் கையில் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். “மாமி, தகரம்! தகரத்துக்குள்ளால வைபை வராது!”

“படிச்ச புள்ளக்கி இது தெரிய இவ்ளோ நேரமா?”

“மூடினது யாரு மாமி?”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கம்பியூட்டர் ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. டின்னுக்கு ஊசி நூலே கதியென்று ஆனது.

விசா வந்தது. அவளும் போய்விட்டாள். போனபின் கம்பியூட்டர் அடிக்கடி மக்கர் பண்ணியது. இங்கே அது வைபையை விட்டால் அவளுடைய போனில் அறிவிப்பு வருமாம், உடனே எனக்குப் போன் எடுப்பாள். “பச்ச மினுங்குதா மாமி?” என்று தொடங்கும் பேச்சு, கார்ட் மாற்றி, ரவுட்டரை நிறுத்திப் போட்டு, எங்கள் பலா காய்த்ததா, பக்கத்து வீட்டுக்காரியின் கோபம் தீர்ந்ததா என்று எங்கெங்கோ போய் முடியும். மகன் எடுத்தால், “உம்மா, மருந்து குடிச்சீங்களா?” என்பதோடு சரி.

போன நோன்புக்கு வந்தவள் புதுக் கார்ட் போட்டு எல்லாவற்றையும் சீராக்கிவிட்டுப் போனாள். கெட்டிக்காரி. அதற்குப் பிறகு ஒரு கோளாறும் இல்லை, போனும் இல்லை. படங்கள் ஒழுங்காக வருகின்றன. படத்தில் அவள் சிரிக்கிறாள், ஆனால் சத்தம் இல்லை. நானாக எடுத்துப் பேசலாம்தான். எடுத்து என்ன சொல்வது? உன் சிரிப்பைக் கேட்க வேண்டும் போல் இருக்கிறது என்று எந்த மாமி மருமகளிடம் சொல்லியிருக்கிறாள்?

இன்று காலை ஊசி நூலை மேசையில் கொட்டினேன். கம்பியூட்டரை மெதுவாக எடுத்து ரோஜாப்பூ டின்னுக்குள் வைத்தேன். பழைய ஓட்டையிலேயே வயர் போனது. மூடினேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் போன் அடித்தது.

“மாமி, பச்ச மினுங்குதா?”

“மினுங்குது மகள். வைபைதான் இல்ல போல ஈக்கிது.”



“அந்த ரோஜாப்பூ டின் எங்க மாமி?”

“எந்த டின்?” என்றேன்.

அந்தச் சிரிப்பு வந்தது, அதே மூச்சு வாங்கும் சிரிப்பு.

“மூடிய நல்லா இறுக்கி வைங்க மாமி. இண்டைக்கி எனக்கு லீவு.”