சுதி, இரண்டாம் இதழ்

ஒருவர்மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன், அவர் செய்த தவறு என்ன என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். வந்த பதிலைப் படிக்க வேண்டும். அதன் பிறகே, காரணத்தைச் சொல்லி, ஆணையிட வேண்டும். அரசு அலுவலகத்தில் என் பணிக்காலம் முழுவதும் நான் கட்டிக்கொண்டு அழுதது இந்த விதியைத்தான். வேலை நேரத்தில் சீட்டாடியவருக்கும், கோப்பைத் தொலைத்துவிட்டு அப்படி ஒரு கோப்பே இருந்ததில்லை என்று சாதித்தவருக்கும் இதன்படிதான் குறிப்பாணை அனுப்பினேன். அவர்களில் பலர் இதே விதியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தும் போனார்கள். போகட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் விதி.

என் அக்காவுக்கு இந்த விதியின் முதல் வரிகூடக் கிடைக்கவில்லை. அவள் செய்த குற்றம், பிள்ளைகளுக்காக ஒரு பாட்டுப் பத்திரிகை நடத்தியது.

அப்பா ஏற்காடு கடைவீதியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் ஒரு ரேடியோ இருந்தது. பாட்டு வைக்கும் நேரத்தில் எங்கள் வயதுப் பிள்ளைகள் கடை வாசலில் கூடிவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் சண்டை ஆரம்பிக்கும். ஒருவன் காதில் ஒரு வரி விழுந்திருக்கும், இன்னொருத்தி காதில் வேறு வரி. பள்ளியிறுதி வகுப்பில் இருந்த அக்கா நடுவராக இருந்து இருந்து சலித்துப்போய், ஒருநாள் பத்திரிகை நடத்துவது என்று முடிவு செய்தாள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அவள் ஆசிரியர், நான் பதிப்பாளர். பெயர் 'சுதி'. விலை இரண்டு ஆரஞ்சு.

விலையை அட்டையிலேயே போட்டோம். அன்று மலையில் ஆரஞ்சு இல்லாத வீடு கிடையாது. எஸ்டேட் கூலியாட்களின் லைன் வீட்டுப் பிள்ளையும் வாங்க முடிய வேண்டும் என்பது ஆசிரியரின் கொள்கை.

அச்சிட்டது சித்தப்பா. அவர் எஸ்டேட் ஆபீசில் ரைட்டர், கணக்கும் கடிதமும் எழுதுபவர். அங்கே ஒரு டூப்ளிகேட்டர் இருந்தது. மெழுகு பூசிய தாளில் இரும்பு முனைப் பேனாவால் எழுதி, அதை உருளையில் சுற்றி, மையூற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால், சுற்றுக்கு ஒரு பிரதி வந்து விழும். மேனேஜர் சேலத்துக்கு இறங்கும் நாட்களில் சித்தப்பா எங்களுக்குச் சொல்லி அனுப்புவார். கைப்பிடியைச் சுற்றும்போது அவரும் பாடுவார். அவருக்கு நல்ல குரல். இதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் அந்தக் குரல் வருகிறது.

முதல் இதழில் மெட்டுப் பக்கம் நாசமாய்ப் போனது; மற்ற பக்கங்களைத்தான் விற்றோம். மெட்டையும் கொடுக்க வேண்டும் என்று, பள்ளிக்கூடத்துப் பாடகர் குழுவில் கற்றுத்தந்த மாதிரி, அக்கா ஸ்கேல் வைத்து ஐந்து கோடு இழுத்து அதன்மேல் சுரங்களைப் புள்ளியாக வைத்திருந்தாள். மெழுகுத் தாளில் நீளமாகக் கோடு இழுத்தால் தாள் அந்த வழியே பிளந்துவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. சித்தப்பா கைப்பிடியைச் சுற்றினார். பக்கம் முழுக்க மை வழிந்து, கறுப்புப் பட்டைகள் வந்தன.

"ஏஞ் சாமி, இது பாட்டுங்களா, தண்டவாளமுங்களா?" என்றார் சித்தப்பா.

அக்கா சிரித்தாள். எதற்கும் சிரிப்பவள் அவள். ஆனால் அன்று இரவு தாளும் பென்சிலுமாக விளக்கடியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு தாளைக் காட்டினாள். கோடே இல்லை. பாட்டின் வரியையே மேலும் கீழுமாக எழுதியிருந்தாள். குரல் ஏறும் இடத்தில் எழுத்து ஏறியது. இறங்கும் இடத்தில் இறங்கியது. இழுக்கும் இடத்தில் எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சேலத்திலிருந்து மலையேறி வரும் ரோடு மாதிரி இருந்தது.

"நம்ம ஊர்ப் புள்ளைங்களுக்குச் சுரம் தெரியாது. மேடு பள்ளம் தெரியுமில்ல?" என்றாள்.

இன்று என் பேத்தியின் கைப்பேசியில் பாட்டு ஓடும்போது வரிகள் மெட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்குகின்றன. ஏதோ பெரிய புத்திசாலிகள் யோசித்துச் செய்ததாம். பேத்தி வியந்து காட்டுகிறாள். எனக்கு வியப்பு வரவில்லை, ஆத்திரம் வருகிறது.

இரண்டாம் இதழை அக்கா மார்கழி முழுக்க இழைத்தாள். பனியில் மேளத்தின் தோல் ஏன் தொய்கிறது, அதை நெருப்பில் எவ்வளவு தூரத்தில் காட்ட வேண்டும் என்று ஒரு பக்கம். தண்ணீர் ஊற்றிய டம்ளர்களில் ஏழு சுரத்தையும் கொண்டுவருவது எப்படி என்று ஒரு பக்கம். பாட வராது என்று வாத்தியாரிடம் திட்டு வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்குத்தான் கிராக்கி அதிகமாக இருக்கும் என்று பதிப்பாளர் என்ற முறையில் நான் கணித்திருந்தேன். நடுப்பக்கத்தில், காப்பிப் பழம் பறிக்கத் தலைச்சோலை கிராமத்திலிருந்து வரும் பெண்கள் பாடும் பாட்டு. அக்கா அவர்கள் பின்னாலேயே நடந்து எழுதிக்கொண்டு வந்தது.

தொப்பி வெச்ச தொரைங்க
தும்முனாலே மழைங்க
கொடைக்குள்ள அவருங்க
கொட்டற மழையில நாங்க

கடைசிப் பக்கத்தின் அடியில், ஆசிரியர், பதிப்பாளர், அச்சிட்டவர் என்று மூவர் பெயரும் இருந்தன. அச்சிட்டவர் பெயர் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்று அக்கா எங்கேயோ படித்திருந்தாள். மிகச் சரி. சட்டம் அதைத்தான் சொல்கிறது. அந்த மலையில் அன்று சட்டப்படி நடந்த ஒரே காரியம் அதுதான்.

தை பிறந்தும் பனி விலகவில்லை. அச்சடித்த தாள்கள் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. முதல் இதழை அடுப்படியில் காய வைத்ததில் சாம்பார் வாசனை ஏறி, வாங்கியவர்கள் கேலி செய்திருந்தார்கள். அதனால் இந்த முறை, வெயில் வந்த முதல் நாள், சித்தப்பாவே யோசனை சொன்னார். எஸ்டேட்டில் காப்பி காய வைக்கும் சிமெண்டுக் களம் இருந்தது. பாதிக் களத்தில் காப்பி, மீதியில் 'சுதி'. காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு கைப்பிடி காப்பியை அள்ளி வைத்தோம்.

காப்பியைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி கேட்டாள், "ஏனுங்க அம்மிணி, எங்க பாட்டெல்லாமா புஸ்தகத்துல போடுவீங்க?"

"உங்க பாட்டுத்தாங்க நல்லா இருக்குது," என்றாள் அக்கா. ஒரு தாளை எடுத்து, எழுத்து ஏறும் இடத்தில் விரலை ஏற்றி, இறங்கும் இடத்தில் இறக்கிக் காட்டினாள். படிக்கத் தெரியாத அந்த அம்மாளும் விரலைப் பார்த்துக்கொண்டே பாடினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். லைன் வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்து தாளைச் சுற்றிக் குந்திக்கொண்டு பாடினார்கள். சத்தத்தில் ஜீப் வந்தது யாருக்கும் கேட்கவில்லை.

மேனேஜர் தமிழ் பேசுவார், படிக்க வராது. அவர் ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சித்தப்பாவிடம் நீட்டினார்.

"ரைட்டர், வாசிங்க."

சித்தப்பா வாசித்தார். ஆபீஸ் கடிதத்தைப் படிக்கிற மாதிரி, குரலைக் கல்லாக்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார். ஆனால் அக்கா அந்தப் பக்கத்தை அப்படி வாசிக்கும்படி எழுதியிருக்கவில்லை. எழுத்து ஏறும் இடத்தில் கண் ஏறியது. கண்ணோடு குரலும் ஏறியது. 'தும்முனாலே' என்ற இடத்தில் அவரையும் மீறி ஒரு குழைவு குழைந்து, 'மழைங்க' என்று அழகாக இறங்கினார். களம் முழுக்கச் சிரித்தது. நானும் கைதட்டினேன். எங்கள் பத்திரிகை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மேனேஜர் தன் தொப்பியைக் கழற்றி, மறுபடி வைத்துக்கொண்டார்.

"யாரோட வேலை இது?"

"புள்ளைங்க வெளையாட்டுங்க," என்றார் சித்தப்பா.

"எந்தப் புள்ளைங்க?"

சித்தப்பா அக்காவைக் காட்டினார். அதற்கு முன்னால், மேனேஜரின் காலடியில் கிடந்த கடைசிப் பக்கத்தை மட்டும் உருவி, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். பத்திரமாக வைக்கிறார் என்று நினைத்தேன்.

களத்து ஓரத்திலேயே தாள்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். எங்கே அச்சடித்தது என்று மேனேஜர் கேட்கவே இல்லை. மலையில் இருந்த டூப்ளிகேட்டர் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று, அதுவும் அவர் ஆபீசில். கேட்டால் ரைட்டரை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும். அறுவடைக் காலத்தில் ரைட்டர் இல்லாமல் எஸ்டேட் ஓடாது. பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி இல்லாமல் ஓடும்.

எங்கள் பள்ளி எஸ்டேட்காரர்கள் நடத்தியது. எனவே மேனேஜரே பள்ளித் தாளாளர். நடந்தது களத்தில், தண்டனை வகுப்பறையில். அதிகார வரம்பு என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர் எவரும் அந்த வட்டாரத்தில் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போன அப்பா திரும்பி வந்து, கல்லாவில் உட்கார்ந்து, ரேடியோவை அணைத்தார்.

"நாளையிலிருந்து அவள அனுப்ப வேண்டாம்னுட்டாங்க."

"எதுக்குன்னு எழுதிக் குடுத்தாங்களாப்பா?" என்று அக்கா கேட்டாள்.

"வாயில சொன்னாப் பத்தாதா கண்ணு?"

"பரீட்சை வருதே. அத மட்டுமாவது எழுத உடுவாங்களான்னு கேட்டீங்களா?"

"பெரிய மனுசன் முன்னால நின்னுக்கிட்டு என்னத்தக் கேக்கறது? சரிங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்த 'சரிங்க சார்' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிற்காலத்தில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று யாராவது அதைச் சொன்னால், உட்காருங்கள், என்ன சரி என்று முதலில் சொல்லுங்கள் என்பேன். கீழ் அலுவலர்கள் என்னைச் சிடுமூஞ்சி என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

அன்றிரவே நான் தாளாளருக்கு மனு எழுதினேன். என் வாழ்க்கையின் முதல் மனு. அக்கா செய்த குற்றம் என்ன என்று தெரிவிக்கும்படியும், அவளைப் பரீட்சை எழுத அனுமதிக்கும்படியும், எங்கள் பத்திரிகையைத் தொடர்ந்து நடத்த ஒப்புதல் தரும்படியும் பணிவுடன் கேட்டுக்கொண்டேன். பெயர், வகுப்பு, முகவரி எல்லாம் ஒழுங்காக எழுதினேன். இன்று எடுத்துப் பார்த்தாலும் அந்த மனுவில் நான் திருத்த ஒன்றும் இருக்காது.

பதில் வரவில்லை. தினமும் தபால்காரரை வழிமறித்தேன். சித்தப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டேன். "வரும் சாமி, ஆபீஸ்னா அப்படித்தான்," என்பார். அக்கா கடையில் இலை நறுக்கினாள், டம்ளர் கழுவினாள். கழுவிய டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டிப் பார்ப்பாள். அப்பா திரும்பினால் நிறுத்திவிடுவாள். பங்குனியில் பரீட்சை நடந்தது. அவள் வகுப்புப் பெண்கள் கடை வழியாகத்தான் போனார்கள். அந்த நாட்களில் அவள் முன்பக்கம் வரவில்லை.

அதற்குள் சித்தப்பா சேலத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். ஜவுளிக் கடைக் குடும்பம். பெண் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குப் பிடிக்காது, நின்றுவிட்டாள் என்றதும் நொம்ப சந்தோஷப்பட்டார்களாம். வைகாசியில் கல்யாணம்.

ஆடிக்கு அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். ஆடிப் பதினெட்டன்று விருந்து. சித்தப்பா ஒரு கூடை பழத்தோடு வந்தார். சாப்பாட்டுக்கு உட்காருவதற்கு முன், தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "உன் பேருக்குத்தான் சாமி," என்றார். உறையின் ஓரங்கள் மடங்கி, நைந்திருந்தன.

விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டதாகவும், மாணவி பரீட்சை எழுதுவதிலும் இசை இதழ் நடத்துவதிலும் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை என்றும் எழுதியிருந்தது. கீழே மேனேஜரின் கையெழுத்து. நான் வீடு அதிரக் கத்தினேன். "அக்கா, ஜெயிச்சுட்டோம். மூணாவது இதழ் போடலாம். சித்தப்பா, மெஷின் எப்பக் கெடைக்கும்?"

சித்தப்பா இலை போட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். அக்கா கடிதத்தை வாங்கி இருமுறை படித்தாள்.

"எப்பங்க சித்தப்பா கையெழுத்தாச்சு?"

"ஆபீஸ்ல முன்னப் பின்ன ஆகும் கண்ணு." அவர் இலையைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா அவசரமாகப் பாயசம் ஊற்றினாள். அப்பா தொண்டையைக் கனைத்தார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை.

எஸ்டேட் ஆபீசுக்கு வரும் தபாலும் அங்கிருந்து போகும் தபாலும் சித்தப்பாவின் மேசையைத் தாண்டாமல் நகராது என்பது எனக்கு அப்போதே தெரியும். பெண் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னவர் அவர்தான் என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. விருந்து நாளில் எல்லோரும் ஏன் இப்படி உம்மென்று இருக்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

அக்கா கடிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"தேதி போடல பாரு. தேதி இல்லாத கடுதாசி செல்லாது. நீதான பதிப்பாளர், நீயே போட்டுரு."

பேனா எடுத்து வந்தேன். எழுதிய தேதி எனக்கு எப்படித் தெரியும்? அதனால், வலது மேல் மூலையில், அழகான கையெழுத்தில், பெருமையோடு எழுதினேன்: வந்து சேர்ந்த நாள், ஆடிப் பதினெட்டு.