பாதிப் பூக்களோடு ஒரு பீடத்துணி

சென்ற மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நோட்டன் பிரிட்ஜுக்குப் போனேன். அருவி பார்க்க அல்ல. கொழும்பில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த ஜெசிந்தாவுக்கு அந்த ஞாயிறு முதலாம் ஆண்டுப் பூசை. டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். தன் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கென்று அவள் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்த பீடத்துணி பாதியில் நின்றிருந்தது. அவளுடைய அக்கா ரீட்டா தொலைபேசியில் கேட்டது அதை மட்டும்தான். "கொண்டாந்துருங்க தங்கச்சி. மிச்சத்த நாங்க தச்சு, பூசைக்கு விரிச்சிருவோம்."

கொழும்புக் கோட்டையில் அதிகாலை ரயில் ஏறினால் பதினொரு மணியளவில் ஹட்டன். அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். இடப்பக்க யன்னலோரம் கிடைத்தால் நல்லது. மே மாதத்தில் மழை உள்ளே அடிக்கும், துண்டு ஒன்று வைத்திருங்கள். தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர், ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய் கொடுத்தேன்.

"பேச்சு யாழ்ப்பாணமால்ல இருக்கு! இந்த மழையில கொடை இல்லாம யாருங்க மலைக்கு வருவா?" என்று ஓட்டுநர் சிரித்தார்.

"ரீட்டா அக்கா வீட்டுக்குப் போறன், அண்ணா."

"காய்ச்சல்ல போச்சே, அந்தப் புள்ள வீடுங்களா?" ஆட்டோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார்.

ரீட்டா அக்காவின் லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், கட்டில்மேல் துணியை விரித்தோம். வெள்ளைப் பருத்தியில் மினுங்கும் வெள்ளைப் பொலியஸ்டர் நூல், பூக்களின் நடுவில் மட்டும் மஞ்சள். தேயிலைப் பூக்கள். இடப்பக்கம் முழுவதும் தைத்து முடித்திருந்தாள். வலப்பக்கம் பென்சில் கோடுகள் மட்டும். அச்சு வாங்காமல் கையாலேயே வரைந்திருந்தாள். ஓர் இலை போல இன்னோர் இலை இல்லை.

ஆனால் ஒரு வருடத்து ஈரத்தில் துணியெங்கும் கரும்புள்ளி விழுந்திருந்தது. தேய்த்துத் துவைத்தால் கோடுகள் போய்விடும். ரீட்டா அக்கா கொழுந்தெடுப்பவர். யோசனை அவருடையதுதான். தேயிலைச் சாயத்தில் முக்கினால் துணி இளம் பழுப்பாகும், புள்ளி மறையும், பென்சில் தெரியும். சனிக்கிழமை பகல் முழுக்க, பக்கத்துக் காம்பராப் பெண்களையும் சேர்த்து நான்கு பேர் உட்கார்ந்தால் தைத்து முடித்துவிடலாம்.

அவ்வளவு பெரிய துணி அமிழ வீட்டில் இருந்தது குளிக்க வெந்நீர் வைக்கும் பழைய இரும்பு டின் ஒன்றுதான். அடுப்பில் ஏற்றி, தேயிலைத் தூளும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டோம். பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா எட்டிப் பார்த்தார். பால் விடாத தேநீருக்கு அங்கே சாயத்தண்ணி என்று பெயர்.

"ஏன்டி, ஒரு டின்னு சாயத்தண்ணியா? சீனி போட்டா லயத்துக்கே ஊத்தலாமே!"

"ஒனக்கு மட்டும் சீனி கெடையாது, போ," என்றார் ரீட்டா அக்கா. அன்று அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

முதலில் துணி நினைத்த நிறத்துக்கே வந்தது. பிறகு இருண்டது. குச்சியால் தூக்கி எடுப்பதற்குள் மழைமேகம்போல் கறுத்துவிட்டது. இரும்பு பட்டால் தேயிலைச் சாயம் கறுக்கும் என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் வாசித்தேன். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. குளிர்ந்த நீரில் நான்கு தடவை அலசினோம். நிறம் இறங்கவில்லை.

பொலியஸ்டர் நூல் மட்டும் சாயம் ஏறாமல் நின்றது. ஜெசிந்தா தைத்த பூக்கள் முன்னெப்போதையும்விட வெள்ளையாகத் தெரிந்தன. வலப்பக்கத்தில் ஒரு கோடும் இல்லை. ரீட்டா அக்கா துணியை மின்குமிழுக்கு நேரே பிடித்தார், சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார்.

"இங்கன ஒரு மொட்டு இருந்துச்சு. இல்லீங்களா தங்கச்சி?"

இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"புதுசா வரைஞ்சு தச்சிருவோம்டி. நாலு பேரு இருக்கோம்ல," என்றார் செல்லம்மா அக்கா.

"அது நம்ம பூவா இருக்கும்க்கா. அவ பூ இல்ல."

சனிக்கிழமை யாரும் ஊசி எடுக்கவில்லை. துணி அடுப்புக்கு மேலே கொடியில் காய்ந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் சோறு சாப்பிட்டோம்.

ஞாயிறு காலை, கடைசி நேரம்வரை ரீட்டா அக்கா முடிவு சொல்லவில்லை. பிறகு அதை மடித்து எடுத்து வந்து, தானே பீடத்தில் விரித்தார். பூசை முடிந்ததும் ஒரு பெண் அருகில் வந்து, "அந்தப் பக்கம் ஏன் வெறும் துணியா விட்டுட்டீங்க?" என்று கேட்டார்.

"அது வரைக்கும்தாங்க எங்க தங்கச்சி வந்தா," என்றார் ரீட்டா அக்கா.

திரும்பும்போது ஹட்டனில் பிற்பகல் ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள், ஞாயிறுகளில் நிற்கவும் இடமிராது. வீட்டில் தேயிலைச் சாயம் போடுவதென்றால் எவர்சில்வர் பாத்திரம் போதும், இரும்பு வேண்டாம். முதலில் ஒரு துண்டுத் துணியில் போட்டுப் பாருங்கள். துணியில் யாராவது கையால் வரைந்திருந்தால், தண்ணீரில் போடுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்று அடுப்பைச் சுற்றி மூன்று பேர் நின்றோம். மூவரிடமும் கைத்தொலைபேசி இருந்தது.