அக்கா வந்த அம்பாசிடர்

அப்பா விட்டுப்போன அம்பாசிடர் கார் பின்பக்கம் சத்தம் போடும். பள்ளத்தில் சக்கரம் இறங்க ஆரம்பிக்கும்போதே ஒரு கிறீச், இறங்கி முடித்ததும் ஒரு டமார். அப்பா இருந்த காலத்திலேயே போட்டதுதான். நாங்கள் யாரும் அதைச் சட்டை செய்ததில்லை. போன வருஷம் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வாழ்க்கைப்பட்ட எழுமலைக்குத் திருப்பிக் கூட்டிப் போனபோதுதான் அந்தச் சத்தம் எனக்கே நாராசமாகக் கேட்டது. பின்சீட்டில் படுத்திருந்த அக்கா, உசிலம்பட்டி தாண்டியதும், "தம்பி, இந்தச் சத்தத்த நிறுத்த முடியாதாடா?" என்று கேட்டாள். "கிறீச்சுன்னதும் அடுத்து டமார்னு வரும்னு ஒடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு. வலிக்கிறதுக்கு முன்னாடியே வலிக்குது."

புற்றுநோய் அவளுக்கு முதுகெலும்பில் இறங்கியிருந்தது. இனிமேல் வதைக்க வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. அம்மா மதுரையில் என் வீட்டில், இடுப்பு எலும்பு முறிந்து, தெருப்பக்க ஜன்னலை ஒட்டிய கட்டிலில் கிடந்தாள். கண்ணிலும் புரை. ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. சொன்னால் தாங்க மாட்டாள் என்று அக்கா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அதனால் வந்த வினை வேறு. மகளுக்கு என்ன என்று தெரியாத அம்மா, மகள் வராததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெத்தவ கெடையில கெடக்கேன். எழுமலை என்ன சீமையிலயா இருக்கு? ஒரு எட்டு வந்து பாக்க மாட்டேங்கிறா. எம்மேல அவளுக்கு என்ன கோவமோ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுவாள். போனில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கலகலவென்று பேசுவாள். பேசி முடித்ததும் போனைக்கூட வைக்கத் தெம்பிருக்காது என்று மச்சான் சொல்வார். மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர்.

ஒருநாள் அக்கா என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். "நான் அம்மாவப் பாக்கணும் தம்பி. நான் கோவத்துல வரலன்னு அது நெனைச்சுக்கிட்டு இருக்கையில நான் கண்ண மூடக் கூடாது."

ஆம்புலன்ஸ் கொண்டுவருகிறேன் என்றேன். ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றால் அம்மாவுக்குப் புரைக்கண்ணிலும் தெரிந்துவிடும். இந்தக் காலத்துக் கார்களில் குனிந்து ஏறவும் காலை நீட்டிப் படுக்கவும் அவளால் ஆகாது. அம்பாசிடரின் பின்சீட்டு ஒரு கட்டில் மாதிரி. "அப்பா வண்டியிலயே கூட்டிட்டுப் போ. அந்தச் சத்தத்த மட்டும் பாரு" என்றாள்.

பழங்காநத்தத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். "பழைய வண்டிண்ணே, சாமான் தேடணும். விட்டுட்டுப் போங்க, திருவிழா முடியட்டும், பாப்போம்" என்றார் அங்கிருந்தவர். திருவிழா முடிய அக்கா இருப்பாளா என்று அவரிடம் கேட்க முடியுமா? எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறும் என்பது ஊருக்கே தெரியும். அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தி மச்சானுக்குப் போன் செய்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். டிராக்டரையும் டிரெய்லரையும் தானே பிரித்து மாட்டுகிற, காடு உழுகிற சம்சாரி அவர்.

அம்பாசிடரின் பின்பாரம் முழுக்கக் கமான் பட்டை மேல்தான் உட்கார்ந்திருக்கும். வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் கவ்வி இறுக்கியிருப்பார்கள். அழகர்கோவிலுக்குக் கெடா வெட்டப் போகிறவர்களுக்கு அப்பா வாடகைக்கு ஓட்டியவர். குடும்பம் மொத்தமும் பின்னால் ஏறும், டிக்கியில் கெடா, அண்டா, விறகு. அதற்காகவே இரண்டு பக்கமும் ஒரு பட்டையைக் கூடுதலாகப் போட்டு வைத்திருந்தார்.

ஜாக்கி வைத்துத் தூக்கிக் கல் முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினோம். போல்ட்டுகள் துருவேறி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் தட்டி, நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டி, ஒருவழியாகக் கழன்றது. மச்சான் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, நீங்க மட்டும் வந்திருக்கீக. எம் பொண்ண எங்க?"

"காட்டுல வேல அத்த. மக்காச்சோளம் கெடக்கு."

"அவ இல்லாட்டி சோளம் வீடு வந்து சேராதாக்கும்."

"அடுத்த வாரம் கூட்டியாரேன் அத்த. அதுக்குத்தான் வண்டியச் சரி பண்றோம்."

"சத்தம் போட்டா போட்டுட்டுப் போகுது. என்னயப் பாக்க வாரதுக்கு அம்புட்டு நோக்காடா?"

போல்ட் கழன்று வெகுநேரம் ஆகியும் மச்சான் அடியிலிருந்து வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பட்டைகளுக்கு நடுவில் துரு செதில் செதிலாக இருந்தது. கிறீச் அதுதான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழைய துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவினோம். பட்டையின் நுனி ஓட்டையில், இரும்போடு இரும்பு இடிக்காமல் இருக்கப் போட்ட ரப்பர் புஷ்கள் நைந்து தூளாகியிருந்தன. டமார் அதுதான். கடையில் தேடி வாங்கிய புதுப் புஷ்களைச் சோப்பு நுரை தடவி அடித்து ஏற்றினோம்.

"அந்தக் கூடுதல் பட்டைய எடுத்துருவமா மாப்ள?" என்றார் மச்சான்.

"எடுத்தா மிச்சப் பழைய பட்ட தாங்காது, பின்னாடி ஆள் ஏறுனா தரையில இடிக்குமே" என்றேன். அவருக்கும் அது சரியென்றே பட்டது.

மாட்டி முடித்ததும் அவர் ஓட்டினார். அக்கா படுப்பதுபோலவே பின்சீட்டில் நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். எங்கள் தெருவின் சாக்கடை மேடு, மெயின் ரோட்டின் வேகத்தடை, தோண்டிப்போட்ட குழாய்ப் பள்ளம் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கச் சொன்னேன். சத்தம் ஒரு பொட்டு இல்லை. தொட்டில் மாதிரி இருந்தது. அப்புறம் அவர் படுத்தார், நான் ஓட்டினேன். அவருக்கும் தொட்டில்தான். திரும்பி வந்து இரண்டு பேரும் கிரீஸ் கையோடு டீ குடித்தோம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சொன்னபடி அடுத்த வாரம் எழுமலைக்குப் போனேன். அக்கா பச்சைப் புடவை உடுத்தித் தயாராக இருந்தாள். மச்சான் அவளைத் தூக்கி வந்து பின்சீட்டில் கிடத்தினார். கூடைப் பூவைத் தூக்கி வருகிறவர்போல் வந்தார். அவர் முன்னால் ஏறிக்கொள்ள, மெதுவாக எடுத்தேன்.

தெரு முக்குத் திரும்பும் முன்பே தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை. ஆனால் வண்டி பின்பக்கம் துள்ளியது. சின்னக் கல்லில் ஏறினாலும் தூக்கிப் போட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் முந்தானையை எடுத்துவிட்டு, "சத்தமே இல்லடா. நல்லாப் பண்ணியிருக்க" என்றாள்.

நிறுத்திவிட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்ன தப்பு நடந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது பாரத்துக்குச் செய்த பட்டை. நானும் மச்சானும் எங்கள் கனத்தை வைத்துச் சோதித்தோம். அக்கா ஏறினால் வண்டிக்கு ஆள் ஏறியதே தெரியாது என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை. தினம் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற மனுஷனுக்கே உறைக்கவில்லை.

"பாரம் பத்தல மாப்ள" என்றார் மச்சான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து இறங்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அக்காதான் பேசினாள். "சின்னதுல என்னயப் பூசணிக்கான்னு கூப்புடுவேல்ல? இப்பப் பாரு, எனக்குத் தொணைக்கு மூட்ட வேண்டியிருக்கு. நிக்காம வண்டியத் திருப்புடா, வீட்டுல சோளம் கெடக்குல்ல."

திருப்பினேன். மச்சான் மக்காச்சோள மூட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து வந்து டிக்கியில் போட்டார். நான் உதவப் போனபோது வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. போதுமா என்று பார்க்க நான் ஒரு சுற்று ஓட்டினேன். கமான் பட்டை அமுங்கிக்கொடுத்து மெத்தென்று போனது. "ம், இப்பச் சரி" என்றாள் அக்கா. செக்கானூரணி வருமுன்னே தூங்கிவிட்டாள். அவள் அப்படித் தூங்கிப் பல நாள் ஆயிற்று என்று மச்சான் மெதுவாகச் சொன்னார்.

மதியம் சாய்கிற நேரத்துக்கு வீட்டு வாசலில், ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். அக்கா கண் விழித்தாள். உள்ளே கட்டிலில் அம்மா கம்பியைப் பிடித்துத் தலையைத் தூக்கி, வண்டி நின்ற பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"வந்துட்டாளா? என்னடா இது, வண்டி பின்னாடி இம்புட்டுத் தணிஞ்சு கெடக்கு?" என்று கேட்டவள், எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் தானே சிரித்தாள். "எம் பொண்ணு நல்லாச் சதை போட்டுட்டா போலருக்கே. ஒடம்பு கனத்துப்போயித்தான் வர முடியலையாக்கும். நான் என்னென்னமோ நெனைச்சுட்டேன். நல்லா இருந்தாச் சரி."

பின்சீட்டிலிருந்து அக்கா, "ஆமாம்மா, இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்தாள். மச்சான் எதையாவது செய்தாக வேண்டும் என்பதுபோல டிக்கியைத் திறந்து முதல் மூட்டையில் கை வைத்தார். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மூட்டைய இப்ப எறக்க வேணாம்னு சொல்லுடா" என்றாள். "அம்மா செத்த நேரம் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."